மர்டினா கொடுத்த குலம்

எங்கள் மலைநாட்டு ஊரான ஸ்ட்ராத்ஃபினின் கடைத்தெருவில் மூன்று கடைகளின் வாசலில் என் பெயர் தொங்குகிறது. 'வாட்டி ரெட்பாத், கில்ட் மாளிகை' என்று பொன்னிற எழுத்து. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டை வேனில் கம்பளிக் காலுறை விற்று ஆரம்பித்தேன். இன்றைக்கு லண்டனில் கல்யாணம் செய்துகொள்கிற மாப்பிள்ளை கூட, எங்கள் ஆண்கள் கட்டுகிற கொசுவப் பாவாடையான கில்டுக்கு, என் கடைக்குத்தான் இடுப்பளவு அனுப்புகிறான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இது என் கதை இல்லை. எங்கள் நூலகத்தில் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்கள். டாக்டரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, பாதிரியாரைப் பற்றி எழுத இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். என் முதல் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கில்ட் தைக்கும் மர்டினாவைப் பற்றி எழுத ஒருவரும் வரவில்லை. படித்தவர்கள் வராவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டேன். "எழுது. ஆனா பந்தல்ல நடந்ததை விட்டுட்டு எழுதறதா இருந்தா எழுதாதே" என்றாள்.

மர்டினாவின் அப்பா மர்டோ ஆட்டுக்காரர். பையன் பிறப்பான் என்று தன் பெயரைத் தயாராக வைத்திருந்தார். பெண் பிறந்தாள். பெயரை வீணாக்க மனமில்லாமல் அதற்கு ஒரு வாலை ஒட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் இப்படி வால் ஒட்டிய பெண்கள் நிறைய. அவள் ராணுவத் தையலகத்தில் வேலை பழகியவள். எட்டு கெஜம் கம்பளியைக் கொசுவம் கொசுவமாக மடித்து, பின்பக்கம் ஒரு கட்டம் கூட உடையாமல் ஓடும்படி தைப்பாள். குண்டூசிகளை வாயின் ஒரு ஓரத்தில் கடித்துக்கொண்டு மறு ஓரத்தால் பேசுவாள். புருஷன் தபால்காரன், போய்ச் சேர்ந்துவிட்டான். அவளை எடின்பரோ கடைக்காரன் ஒருவன் கூப்பிட்டான். நான் சம்பளத்தை ஏற்றி நிறுத்திக்கொண்டேன். நல்ல ஆளை நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவன் நான்.

தையல் மட்டுமில்லை, கடையில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் கவுண்டரில் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "நாங்க எந்தக் குலம்?" குலம் தெரிந்தால் அந்தக் குலத்துக்கென்றே நெய்கிற கட்டத் துணி தெரியும், கட்டம் தெரிந்தால் கில்ட் தைக்கலாம். சில பெயர்கள் நேராகக் குலப்பெயர். சில, ஒரு குலத்தின் நிழலில் ஒதுங்கிய சிறு வீடுகளின் பெயர். அதற்கெல்லாம் சுவரில் பெரிய பலகை மாட்டியிருக்கிறேன். எதிலும் சேராத பெயர்களும் உண்டு. அவர்களுக்கு 'ஊர்க்கட்டம்' என்று ஒன்றை எடுத்துக் காட்டலாம். அதை யாரும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைக் காட்டியதும் முகம் விழுந்துவிடும். முகம் விழுந்தவன் பாத்திரம் துடைக்கிற துவாலை ஒன்று கூட வாங்கமாட்டான்.

இங்கே நம்முடையது மக்வாரிக் குலம். கருநீலமும் பாசிப்பச்சையும் கலந்து, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஓடும் கட்டம். நானும் மக்வாரிக்தான். கடை திறந்த வருஷம் மர்டினாதான் சொன்னாள்: ரெட்பாத் என்பது குலத்தலைவருக்கு வாள் தீட்டிக் கொடுத்த வீடு என்று. அன்றுமுதல் அந்தக் கட்டத்தைத்தான் கட்டுகிறேன். என் மகள் கல்யாணத்தில் அதில் நான் நடந்து வந்ததை ஊரே நின்று பார்த்தது. குலச் சங்கத்துக்குத் துணைத்தலைவன் ஆனேன். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் என் செலவு.

குலத்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு. எங்களில் பாதிப் பேர் 'மாவுக்காரர்கள்'. பஞ்சகாலத்தில் தலைவர் வாசலில் ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு வாங்கிக்கொண்டு, தங்கள் பெயரை விட்டு அவர் பெயரை எடுத்துக்கொண்டவர்களின் வம்சம். சட்டத்தில் வித்தியாசமில்லை. ஆனால் மதுக்கடையில் வாய்ச்சண்டை வந்தால் இன்றைக்கும் முதலில் வருகிற வசவு "போடா மாவுக்காரா" என்பதுதான்.

ஒரு வருஷம், காற்றுப்பையை அமுக்கி ஊதுகிற பைப் இசைக்குழு ஒன்று மக்வாரிக் துணி கேட்டு ஆர்டர் கொடுத்துவிட்டு, குழுவுக்குள் சண்டை வந்து கலைந்துபோனது. நெய்த ஆலைக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பேசின பேச்சில் அந்தச் சுருள் முழுவதையும் பாதிக்கும் கீழான விலைக்குக் கொடுத்துவிட்டான். ஆள் உயரச் சுருள். கடை மூலையில் நிறுத்திவைத்தேன். "சீசன் முடியறதுக்குள்ள இது இந்த மூலையை விட்டுப் போகணும்" என்று எல்லோரிடமும் சொன்னேன். மர்டினாவிடமும் சொன்னேன்.

அந்தச் சீசனில் ஒரு மழைநாளில் எல்மர் பெட்ச் வந்தார். கனடாக்காரர், நெட்டையாக, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். கூட அவர் மனைவி டோரீன். அந்த அம்மா வந்த உடனே ஸ்டூலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றித் தண்ணீரை வாசற்படியில் கவிழ்த்தது.

"எங்க பேர் பெட்ச், அம்மா" என்றார் எல்மர் மர்டினாவிடம். "எங்க தாத்தா கப்பல்ல வந்தவர். நாம மலைநாட்டுக்காரங்கடான்னு சொல்லிக்கிட்டே இருப்பார். எந்த மலைன்னு கேட்டா அடிக்க வருவார்."

"அவருக்கே தெரியாது. அதான் கோவம்" என்றாள் டோரீன். "இவர் ஊர் ஊரா கேட்டாச்சு. எல்லாக் கடையிலயும் பலகையைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கறாங்க. இங்கயும் இல்லேன்னா நான் இவரோட பிளேன்ல ஏற மாட்டேன். அட்லாண்டிக் முழுக்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவார்."

மர்டினா பலகையைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மூலைக்குப் போய்த் திரும்பியது. கல்லாவில் இருந்த நான் அதைப் பார்த்தேன்.

"பலகையில எல்லாப் பேரும் வராது ஐயா" என்றாள். "பெட்ச்னா மக்வாரிக். தலைவருக்குப் படகு ஓட்டின வீடு."

எல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"படகு" என்றார். "டோரீன், கேட்டியா? எனக்கு ஏரின்னா ஏன் உசிருன்னு இப்பத் தெரியுதா?"

"உங்களுக்கு மீன்னாதான் உசிரு" என்றாள் டோரீன். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நானும் மக்வாரிக்கா? கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவ?"

"நீங்களும்தாம்மா" என்றாள் மர்டினா.

அந்த அம்மா அநாதை இல்லத்தில் வளர்ந்தது என்று அப்போதுதான் சொன்னார்கள். அப்பா பெயர், அம்மா பெயர் எதுவும் தெரியாதாம். "எனக்குன்னு கிடைச்ச முதல் சொந்தக்காரங்க" என்று சொல்லி, சுருளிலிருந்து தொங்கிய துணி முனையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. அவருக்குக் கில்ட், அந்த அம்மாவுக்குச் சால்வை, ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் அளவு வாங்கி அனுப்புவதாக உறுதி. சுருள் பாதி காலி. சாயங்காலம் மர்டினாவுக்குப் பெட்டிக் கேக் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் திறக்கவே இல்லை. மறுநாள் அது வாசலில் கடற்பறவைகளுக்குப் போனது.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்களிடமிருந்து ஒரு போட்டோ வரும். பனிக்குவியல் முன்னால் குடும்பமே மக்வாரிக் கட்டத்தில் நிற்கும். வருஷத்துக்கு வருஷம் ஆட்கள் கூடுவார்கள். மருமகன், கைக்குழந்தை, ஒரு தடவை நாய்க்குக் கூடக் கட்டத்தில் ஒரு கழுத்துப்பட்டை. இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சட்டம் போட்டு, பின்னறை ஜன்னலில் உள்பக்கம் பார்க்க வைத்தேன். அந்த வாரமே மர்டினா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதுகு ஜன்னல் பக்கம்.

"வெளிச்சம் முதுகுல விழுந்தா எப்படித் தைப்பே?" என்றேன்.

"காத்து வருது" என்றாள்.

நம்பினேன். எங்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம்?

பெட்ச் வீட்டுக்கு அளவு வரும்போதெல்லாம் அவள் ஒரு வேலை செய்வாள். மற்றவர்கள் கில்டை விட அதற்கு இரட்டிப்பு நேரம் எடுப்பாள். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பாள். நான் சத்தம் போடுவேன். கூலி வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் எனக்கென்ன, சரி என்பேன். கிழவிக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷக் குளிர்காலத்தில் டோரீன் இறந்துவிட்டாள். கடைசி மாதங்களில் அந்தச் சால்வையை உடம்பை விட்டு இறக்கவே இல்லையாம். தன் சாம்பலை மக்வாரிக் மேட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம். ஏரிக்கரையில் சுற்றுச்சுவர் வைத்த பழைய இடுகாடு அது. குலத்தவரைத் தவிர யாரும் அங்கே படுக்க முடியாது. எல்மர் சங்கத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்.

சங்கத்தில் குலவழி பார்ப்பவர் நீனியன், ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் கடைக்கே வந்தார்.

"பெட்ச்னு நம்மகிட்ட ஒரு வீடும் இல்லையே வாட்டி?"

"மர்டினா சொல்லியிருக்கா. படகு ஓட்டினவங்க."

"மர்டினா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் நீனியன். பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மர்டினா, விழா அன்னைக்குப் பந்தல்ல தலைவி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு. அது போதும். சாயங்காலமே மேட்டுக்குப் போயிடலாம்."

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வாயில் குண்டூசி இருக்கும் என்றார் நீனியன்.

விழாவுக்கு முதல் நாள் எல்மர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மகள் மார்னி, மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் மக்வாரிக் கட்டத்தில். கடை நிறைந்துவிட்டது. எல்மர் நேராகப் பின்னறைக்குப் போய் மர்டினாவைக் கட்டிக்கொண்டார். ஒரு பாட்டில் மேப்பிள் பாகைக் கையில் திணித்தார். பிறகு சாம்பல் இருந்த மரப்பெட்டியைத் தையல் மேஜையில் வைத்தார். அதைச் சுற்றி அந்தச் சால்வை.

"ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு அம்மா. நாளைக்குள்ள ஒரு தையல் போட்டுத் தர முடியுமா? அவ பிரிஞ்ச துணியைப் போர்த்திக்க மாட்டா."

அவர்கள் போன பிறகு மர்டினா அந்தச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் கோத்திருந்தது. தைக்கவில்லை.

"நான் சொல்லப்போறேன் வாட்டி" என்றாள்.

"சொல்லு. ஆமான்னு சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை."

"இல்லேன்னு சொல்லப்போறேன்."

"எதை இல்லேங்கிற?"

"பெட்ச்னு ஒரு வீடு மக்வாரிக்ல கிடையாது. படகும் கிடையாது, துடுப்பும் கிடையாது. வாயில வந்ததைச் சொன்னேன்."

நான் கதவைச் சாத்தினேன். "ஏன்?"

"நீதானே சொன்னே, சுருள் மூலையை விட்டுப் போகணும்னு."

"துணியைத் தள்ளச் சொன்னேன். குலத்தையா தள்ளச் சொன்னேன்?"

"நம்ம கடையில ரெண்டையும் ஒரே கெஜக்கோல்லதானே அளக்கறோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று கடைகளை நிமிர்த்தினவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னேன். "பாவம் பாத்துச் சொன்னே. அந்த அம்மா நனைஞ்சுபோய் உக்காந்திருந்துச்சு. நானும் பாத்தேன். அப்படி நெனச்சுக்கோ."

"நெனச்சுக்கத்தான் பாத்தேன், இத்தனை வருஷமும். ராத்திரி படுத்தா அந்த அம்மாவை நெனச்சுக்குவேன், நனைஞ்ச காலுறையை நெனச்சுக்குவேன். ஆனா அடுத்து அந்த மூலைதான் ஞாபகம் வரும். அந்த அம்மா மூஞ்சியைப் பாத்துட்டு நான் பாத்தது சுருளை. வாயைத் திறந்தது அதுக்கப்புறம்தான்."

"இப்பச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அந்தக் கிழவருக்குக் கொஞ்ச நாள்தான். சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

"உசிரோட இருந்தப்ப அந்த அம்மாவை ஏமாத்தினேன். புதைக்கறப்பவும் ஏமாத்தணுமா?"

"கடைப் பேரு என்னாகும், தாயே?"

"உன் பேர் பலகையில பத்திரமா இருக்கும். நான் என் பேரைச் சொல்லித்தான் சொல்லுவேன்."

அதற்கு மேல் அவளோடு பேசிப் பயனில்லை. ஊசியை எடுத்தாள். சால்வை ஓரத்தைத் தைத்து முடித்துத்தான் எழுந்தாள்.

மறுநாள் தூறலும் மிட்ஜ் கொசுவும் சேர்ந்து வந்தன, எங்கள் விழாநாள் எப்போதும் வருகிற மாதிரி. என் பந்தல் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குலத்தலைவி இசோபெல் மக்வாரிக் பெர்த் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தொப்பியில் தலைவிக்குரிய கழுகு இறகுகள், காலில் ரப்பர் பூட்ஸ். முன்வரிசையில் எல்மர் மரப்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நீனியன் எழுந்து விஷயத்தைச் சொன்னார். "மர்டினா, பெட்ச் நம்ம வீடுதானே?"

மர்டினா எழுந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"இல்ல" என்றாள். "எல்மர் ஐயா, உங்க தாத்தா எந்த மலைன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. கடையில ஒரு துணி தேங்கிக் கிடந்தது. அதை விக்கறதுக்காக உங்களை மக்வாரிக்னு சொன்னேன். படகு நான் கட்டின கதை. யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

வெளியே ஏதோ குழு பைப் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. எல்மர் அசையவில்லை. மார்னிதான் எழுந்தாள்.

"எங்கம்மா அந்தச் சால்வையைப் போத்திக்கிட்டே செத்தாங்க! எம் பசங்க பள்ளிக்கூடத்துல இதைக் கட்டிக்கிட்டுப் பேசினாங்க, எங்க பாட்டன் படகு ஓட்டினாருன்னு! துணி தேங்கிடுச்சாம், துணி! அப்பா, வாங்க. எழுந்திரிங்க. போவோம்."

மர்டினா தலையைக் குனியவில்லை. அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள். அப்போது பின்வரிசையில் யாரோ, பீர் வாசனையோடு, பாதிக் குரலில் சொன்னான்: "அடேயப்பா, ஒரு கை மாவு கூடக் குடுக்காம பேரைக் குடுத்திருக்காளே!" நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

தலைவி எழுந்தார். "யாருய்யா அது? நீயா டூகி? எழுந்திரு. உங்க கொள்ளுத்தாத்தா மாவு வாங்கினவர்தானே?"

"ஆமா, தலைவி அம்மா" என்றான் டூகி. சிரிப்பு போய்விட்டது.

"சரியாத்தான் சொல்லியிருக்க. உக்காரு." எல்மர் பக்கம் திரும்பினார். "ஐயா, இந்தப் பந்தல்ல பாதிப் பேர் என் ரத்தம் இல்ல. பசியில வந்து கேட்டாங்க, எங்க பெரியவங்க மாவு குடுத்தாங்க, அதுலேர்ந்து மக்வாரிக். அந்த முறையை யாரும் இன்னும் எடுத்துடல. ஆனா கேட்டாத்தான் தருவேன். கேக்காம தர்றது முறையில்ல."

"அப்பா, பிச்சை வாங்காதீங்க" என்றாள் மார்னி.

எல்மர் மடியிலிருந்த பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு கேட்டார்: "அவளும் சேர்த்தியா?"

"ஒரு மூட்டைக்கு ஒரு வீடு. வீட்டுல இருந்தவங்க, இருக்கறவங்க, பொறக்கப்போறவங்க எல்லாரும்."

"அப்ப குடுங்க அம்மா. கேக்கறேன்."

மூட்டைக்கு எங்கே போவது? டீக்கொட்டகையில் ஓட்ஸ் ரொட்டி சுடுகிற பெண்களிடமிருந்து ஒரு பை மாவு வந்தது. எல்மர் பெட்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டு, கில்டின் முன்மடியை இரண்டு கையாலும் பிடித்தார். மர்டினா தைத்த கில்ட். தலைவி மாவை அதில் கொட்டினார். வெள்ளையாகத் தூசி எழும்பி இருவர் முகத்திலும் படிந்தது.

"அந்தக் காலத்துல சண்டைக்கு ஆள் வேணும்னு குடுத்தாங்க" என்றார் தலைவி. "இப்பச் சண்டை இல்ல. பந்தல் பிரிக்கத்தான் ஆள் இல்ல. சாயங்காலம் ஓடிடாதீங்க."

பந்தலே சிரித்தது. எல்மர் கூட லேசாகச் சிரித்தார். மார்னி சிரிக்கவில்லை. மர்டினாவும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மேட்டுக்குப் போனோம். டோரீனின் சாம்பலை ஏரியைப் பார்த்த பக்கத்தில் வைத்து மண் தள்ளினார்கள். மர்டினா சுவருக்கு உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, ஈரப் புல்லில் நின்றாள். நான் துணைத்தலைவன் என்பதால் உள்ளே நிற்க வேண்டியிருந்தது. முடிந்ததும் அவளோடு போய் நின்றேன். மார்னி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எல்மர் கடைசியாக வந்தார். நின்றார்.

"மன்னிப்புக் கேட்டு நிக்கல ஐயா" என்றாள் மர்டினா.

"நல்லது. கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல." கில்டில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். ஈரத்தில் அது போகவில்லை. "அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இப்படி ஒரு முறை இருக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. இந்த மாவை அன்னைக்கே வாங்கியிருப்பேன். அவ பக்கத்துல நின்னிருப்பா. அவளுக்குப் படகை விட இது பிடிச்சிருக்கும். கேட்டு வாங்கின சொந்தம். அவ இதுக்கு எவ்வளவு சிரிச்சிருப்பா தெரியுமா?"

சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனார். சொன்னபடி பந்தல் பிரிக்க நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கழிகளைத் தோளில் தூக்கினாராம், அந்த வயதில்.

மர்டினா அங்கேயே நின்றாள். "கேட்டியா வாட்டி?" என்றாள். "நான் சொன்ன பொய் பெரிசில்ல. அந்த அம்மாவுக்குக் கிடைச்சிருக்க வேண்டியதை நான் வழியில மறிச்சுட்டேன்."

எனக்குப் பேச்சுக்குக் குறைவே கிடையாது. ஆலை முதலாளிகளை மடக்கினவன். அன்று கார்க் கதவைத் திறக்கத்தான் தெரிந்தது. வீட்டில் கொண்டுபோய் விட்டேன். சூப் சூடாக்கிக் குடிக்கச் சொன்னேன். சரி என்றாள். குடித்திருக்கமாட்டாள்.

அதற்குப் பிறகு கவுண்டரில் அவள் வேறு ஆள். பெயர் பலகையில் இருந்தால் சொல்வாள். இல்லையென்றால், "உங்க பேருக்குக் குலம் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஊர்க்கட்டம் இருக்கு, விருப்பமிருந்தா காட்டறேன்" என்பாள். பாதிப் பேர் முகம் விழுந்து வெளியே போகிறார்கள். போன சீசன் விற்பனையைப் பார்த்து என் மகன் அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னான். "உன் வேலையைப் பாருடா" என்றேன். இந்தக் கடையில் யார் உட்கார்வது, யார் எழுந்து போவது என்பதெல்லாம் இன்னும் என் வாய்ச்சொல்தான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போட்டோ வரவில்லை. பழையதை ஜன்னலிலிருந்து எடுக்கப் போனேன். மர்டினா வேண்டாம் என்றாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இப்போது முகம் ஜன்னல் பக்கம். தலை நிமிர்ந்தால் நேரே டோரீன், பனியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு. மர்டினா அடிக்கடி நிமிர்கிறாள்.

போன வாரம், வரப்போகிற விழாவுக்காக என் கில்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு இடுப்பு ஒரே இடத்தில் நிற்குமா? வார்ப்பட்டையைத் தள்ளித் தைக்க வேண்டும். என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, மண்டியிட்டு, குண்டூசி குத்திக்கொண்டு வந்தாள். கருநீலம், பாசிப்பச்சை, மஞ்சள் கோடு. மர்டினா சொன்ன, வாள் தீட்டின வீடு. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னேன். சங்கத்தில் பேச எழுந்தால் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அவள் கை நின்றது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டிய பஞ்சுத் திண்டில் குத்தினாள். பேசப்போகிறவள் செய்கிற வேலை அது.

"வாட்டி" என்றாள்.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இடுப்பு சரியா உக்காந்திருக்கா? அதை மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் ஒரு குண்டூசியைத் திரும்ப எடுத்து வாய் ஓரத்தில் கடித்துக்கொண்டாள்.

"உக்காந்திருக்கு" என்றாள்.